மேகத்துக்குள் டிராகன்: பழைய சீன டிராகனைப் புதிதாக வரைய ஒரு முழுமையான வழிகாட்டி

டிராகன் வரைய உட்காருகிறவர்களில் பெரும்பாலோர் தலையில் தொடங்குகிறார்கள். உடம்பைப் பாம்பு மாதிரி நெளியவிட்டு, செதில் செதிலாக நிரப்பி, வாலில் கொண்டுபோய் முடிக்கிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். நான்கு நாள் உட்கார்ந்து ஒரு செதில் விடாமல் போட்டேன். சுவரில் ஒட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தால், படம் அசையவே இல்லை. ஏன் என்பது, 13-ஆம் நூற்றாண்டுச் சீன ஓவியர் சென் ரோங் வரைந்த சுருளின் படத்தைத் திரையில் பெரிதாக்கி அங்குலம் அங்குலமாகப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. அவருடைய டிராகன்களின் உடம்பு மேகத்துக்குள்ளும் அலைக்குள்ளும் போய்ப் போய் வருகிறது. தெரிகிற பகுதிக்கு உயிர் கொடுப்பதே தெரியாத பகுதிதான்.

அந்த ஒன்றைக் கையில் கொண்டுவருவதற்கான வழிகாட்டி இது. கடைசியில் உங்களிடம் ஒரு மை ஓவியம் இருக்கும். அதில் பழைய சீன டிராகன் இருக்கும், உங்கள் கையும் இருக்கும். ஆர அமரச் செய்தால் ஒரு வாரம் ஆகும்.

முதலில் மூன்று படங்களைப் பாருங்கள்

தூரிகையைத் தொடுவதற்கு முன் இரண்டு நாளை இதற்கே கொடுங்கள். மூன்று படங்களும் ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்தவை என்று கொள்ளலாம். ஒரே உருவம் 1244, 1763, 2010 என்று மூன்று காலங்களில், இரண்டு நாடுகளில் எப்படி மாறியது என்பது கண்ணுக்கு நேரே தெரியும்.

முதலாவது, சென் ரோங் 1244-ல் வரைந்த ‘ஒன்பது டிராகன்கள்’. சீனத்தின் தென் சோங் அரசில் அதிகாரியாக இருந்தவர் அவர், ஃபூஜியன் பகுதிக்காரர், 1235-ல் அரசுத் தேர்வில் தேறியவர். சுருளின் உயரம் 46 செ.மீ.தான், நீளமோ கிட்டத்தட்ட 11 மீட்டர். பின்னாளில் சிங் பேரரசர் சியான்லோங்கின் சேகரிப்பில் இருந்தது. 1917 முதல் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இதை முழுசாக விரித்துச் சுவரில் மாட்டிப் பார்ப்பது வழக்கமில்லை. வலது பக்கத்திலிருந்து கை அகலத்துக்கு விரித்து, பார்த்துவிட்டு, அந்தப் பக்கத்தைச் சுருட்டிக்கொண்டே இடது பக்கம் போக வேண்டும். திரையில் பார்க்கும்போதும் அப்படியே செய்யுங்கள், வலமிருந்து இடமாக நகர்த்துங்கள். பாறையைப் பற்றிக்கொண்டு ஒன்று, சுழலுக்குள் ஒன்று, நகங்களுக்கிடையே முத்தை வைத்துக்கொண்டு ஒன்று என்று வந்துகொண்டே இருக்கும். நடுவில் வெறும் மூட்டம் மட்டும் இருக்கிற இடங்களைத் தாண்டி ஓடிவிடாதீர்கள். அடுத்த டிராகன் பிறக்கும் இடம் அதுதான்.

சென் ரோங் எப்படி வரைந்தார் என்பதற்கு 14-ஆம் நூற்றாண்டுக் குறிப்பு ஒன்று இருக்கிறது. போதை ஏறியதும் உரக்கக் கத்துவாராம். தலையில் இருக்கும் துணித் தொப்பியைக் கழற்றி மையில் தோய்த்துத் தாளில் தேய்ப்பாராம். அந்தக் கறைக்குள் டிராகன் தெரிந்த பிறகு தூரிகையை எடுத்து முடிப்பாராம். குடியை விட்டுவிடுங்கள், வரிசையைக் கவனியுங்கள்: முதலில் மேகம், பிறகு டிராகன். நம் வேலையும் அந்த வரிசையில்தான் நடக்கப்போகிறது.

இரண்டாவது, ஜப்பானில் கியோட்டோ ஓவியர் சோகா ஷோஹாக்கு 1763-ல் வரைந்த ‘டிராகனும் மேகங்களும்’. வாழ்ந்த காலம் 1730 முதல் 1781 வரை. இழுவைக் கதவுகளில் வரைந்த இந்தப் படம் இப்போது எட்டுப் பலகைகளாக, ஏறத்தாழ 10.8 மீட்டர் நீளத்தில் அதே பாஸ்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சென் ரோங்கின் டிராகன் உள்ளங்கைக்குள் வந்து போவது. ஷோஹாக்குவின் டிராகன் அறைக்குள் முகத்தை நீட்டுகிறது. நகம் மட்டுமே ஆள் கை நீளம் இருக்கும் போலத் தோன்றுகிறது. முகத்தில் பயங்கரத்தோடு கொஞ்சம் அப்பாவித்தனமும் சேர்ந்திருக்கிறது. எனக்கு இந்த முகம்தான் மூன்றிலும் பிடித்தது.

மூன்றாவதுதான் இந்த வழிகாட்டிக்குக் காரணமான படம். ஜப்பானின் இக்கால ஓவியர் தக்காஷி முராகாமி 2010-ல் வரைந்தது. உயரம் 3.6 மீட்டருக்கு மேல், நீளம் 18 மீட்டர். மையும் தாளும் போய், கான்வாஸும் அக்ரிலிக்கும் வந்துவிட்டன. கறுப்பு போய்ச் சிவப்பு வந்துவிட்டது. அதன் தலைப்பையே தமிழில் சொன்னால் இப்படி வரும்: ‘மேகங்களில் டிராகன், சிவப்பு உருமாற்றம்: “ஒரு தடவையாவது நீங்களே ஏதாவது வரைந்தால் என்ன?” என்று பேராசிரியர் நோபுவோ சுஜி கேட்டதில் எரிச்சலாகி நானே வரைந்த வடிவம்’. உதவியாளர்கள் நிறைந்த பட்டறையை நடத்துகிற ஓவியரைப் பார்த்துக் கேட்கப்பட்ட கேள்வி அது. கேட்டவர் சாதாரணமானவர் இல்லை. ஷோஹாக்கு போன்ற, மறக்கப்பட்டுக் கிடந்த ஓவியர்களை 1970-ல் தன் எழுத்தால் மறுபடி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்த கலை வரலாற்றாசிரியர். முராகாமியும் தொடக்கத்தில் ஜப்பானிய மரபு ஓவியத்தைப் படித்துப் பட்டம் வாங்கியவர். சுஜி குத்திக்காட்டியதும் அவர் போய் நின்றது ஷோஹாக்குவின் டிராகன் முன்னால். 2017-ல் பாஸ்டனில் நடந்த கண்காட்சியில் ஷோஹாக்குவின் டிராகனையும் இதையும் ஒரே இடத்தில் வைத்தார்கள்.

இப்போது ஒரு நோட்டில் இரண்டு பத்தி போடுங்கள். முராகாமி எதை மாற்றினார், எதை விட்டுவைத்தார் என்று எழுதுங்கள். மாற்றியது: நிறம், அளவு, சாயம். விட்டுவைத்தது: சுழலும் மேகம், துண்டு துண்டாகத் தெரியும் உடம்பு, உருண்டைக் கண் உள்ள அந்தப் பெரிய முகம், நகம். இந்த இரண்டாவது பத்தி நீளமாக வந்தால் நீங்கள் சரியாகப் பார்த்திருக்கிறீர்கள். இன்னொன்றும் கண்ணில் படலாம். சென் ரோங்கின் சுருள் வெறும் கறுப்பு இல்லை, அங்கங்கே மெல்லிய சிவப்புத் தீற்றல் இருக்கிறது. 1244-ல் ஒரு துளியாக இருந்த சிவப்பு 2010-ல் 18 மீட்டர் முழுக்கப் பரவியிருக்கிறது என்று நான் படித்துக்கொள்கிறேன். முராகாமி அதை நினைத்துத்தான் செய்தார் என்று சொல்லவில்லை. ஆனால் புதிதாக வரைகிறவர் தேட வேண்டியது இப்படிப்பட்ட துளியைத்தான்: பழைய படத்தில் ஓரமாகக் கிடக்கும் ஒன்று, வளர்த்தெடுக்கக் காத்திருக்கும் ஒன்று.

எந்த டிராகன் என்பதைத் தீர்த்துக்கொள்ளுங்கள்

தமிழில் ‘பறவைநாகம்’ என்று ஒரு சொல் புழங்குகிறது. ஐரோப்பிய டிராகனுக்கு அது பொருந்தும். சீன டிராகனுக்கு வழக்கமாக இறக்கை கிடையாது, நெருப்பும் கக்காது. அது தண்ணீரோடு சேர்ந்தது. ஆற்றிலும் கடலிலும் இருக்கும், மேகத்தோடு ஏறும், மழையைக் கொண்டுவரும். மழைக்காக அதை வேண்டிக்கொள்வார்கள்.

லண்டன் நேஷனல் கேலரியில் இத்தாலிய ஓவியர் பாவ்லோ உச்செல்லோ 1470 வாக்கில் வரைந்த படம் இருக்கிறது, புனித ஜார்ஜ் டிராகனை ஈட்டியால் குத்துகிற காட்சி. அதில் டிராகன் இறக்கையோடு, தலை முதல் வால் வரை பளிச்சென்று தெரிகிறது. ஈட்டி எங்கே இறங்குகிறது என்று நமக்குத் தெரிய வேண்டுமே. சீனப் படத்தில் கொல்வதற்கு யாரும் வரவில்லை. அங்கே டிராகன்தான் வானிலை. வானிலையை யாரால் முழுசாகப் பார்க்க முடியும்? இந்த வித்தியாசம் மனசில் பதியாமல் இறக்கையையும் தீயையும் சேர்த்தால், இரண்டு மரபும் கைவிட்டுப் போய்விடும்.

உறுப்புகளைச் சேகரியுங்கள்

சீனத்தில் ‘மூன்று வளைவு, ஒன்பது சாயல்’ என்று ஓவியர்களுக்கு ஒரு பழைய விதி உண்டு. ஹான் அரச காலத்து அறிஞர் வாங் ஃபு சொன்னதாக வழிவழியாக வருகிறது. தலையிலிருந்து தோள், தோளிலிருந்து இடுப்பு, இடுப்பிலிருந்து வால் என்று மூன்று இடங்களில் உடம்பு திரும்ப வேண்டும். ஒன்பது சாயல்கள் இவை: மானின் கொம்பு, ஒட்டகத்தின் தலை, பேயின் கண், பாம்பின் கழுத்து, சிப்பியின் வயிறு, கெண்டை மீனின் செதில், கழுகின் நகம், புலியின் பாதம், மாட்டின் காது.

யாளியைத் தூணில் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த முறை புதிதில்லை. சிங்க உடம்பில் யானைத் துதிக்கையை ஒட்டுத் தெரியாமல் வைக்கிற அதே வேலைதான். ஆகவே டிராகன் படத்தைப் பார்த்து டிராகன் வரைய வேண்டாம். உண்மையான மாட்டின் காதைப் பாருங்கள். அது எப்படிப் பக்கவாட்டில் நீண்டு, உள்ளே முடியோடு, ஈ உட்கார்ந்தால் எப்படித் துடிக்கிறது என்று பார்த்துப் பத்துக் கோட்டுப்படம் போடுங்கள். மீன் சந்தையில் கெண்டை கிடைத்தால் ஒன்று வாங்கி வந்து, செதில் வரிசை வளையும்போது என்ன ஆகிறது என்று பாருங்கள். உடம்பு வளைகிற உள்பக்கத்தில் செதில்கள் நெருங்கிக் கறுக்கும், வெளிப்பக்கத்தில் விரியும். எந்தப் பாடப் புத்தகத்தையும் விட அது நன்றாகச் சொல்லித்தரும்.

மொத்தம் 117 செதில், அதில் 81 யாங், 36 யின் (சீன மரபில் ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு ஆற்றல்கள்) என்று ஒரு கணக்கும் சொல்வார்கள். ஒன்பதின் மடங்குகள் அவை. தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், எண்ணிப் போட வேண்டாம்.

நகத்தில் மட்டும் கவனம். சீனத்தை மங்கோலியர் ஆண்ட யுவான் காலத்திலிருந்து ஐந்து நகம் அரச குடும்பத்துக்கு என்று ஒதுக்கப்பட்டது. மற்றவர்கள் பயன்படுத்தத் தடை இருந்தது. ஜப்பானிய டிராகனுக்குப் பெரும்பாலும் மூன்று நகம். நீங்கள் எத்தனை போட்டாலும் அது ஒன்றைச் சொல்லும், எனவே தெரிந்து போடுங்கள். என் கைக்கு மூன்றுதான் வருகிறது. ஒவ்வொன்றையும் பெரிதாக, ஒரே இழுப்பில் போடலாம்.

தாள், மை, தூரிகை

சீனர்களின் ஷுவான் தாள் ஒரு மரப்பட்டையும் வைக்கோலும் சேர்த்துச் செய்வது. படிகாரம் பூசாத தாளில் மை நொடியில் பரவும், பூசியதில் நிற்கும். முதல் முயற்சிக்கு அது வேண்டாம். 300 ஜிஎஸ்எம் வாட்டர்கலர் தாள் அல்லது கனமான ஹேண்ட்மேட் பேப்பர் போதும். 30 செ.மீ. உயரம், 120 செ.மீ. நீளம் வருமாறு ஒட்டிக்கொள்ளுங்கள். சார்ட் பேப்பரில் செய்யாதீர்கள், தண்ணீர் பட்டதும் அப்பளம் மாதிரி பொங்கிவிடும்.

மை விஷயத்தில் கடைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள். தண்ணீரில் கரையாத இந்தியன் இங்க் அரக்கு கலந்தது. காய்ந்தால் தூரிகையைக் கெடுக்கும், மெல்லிய சாயல்களும் சரியாக வராது. சீன அல்லது ஜப்பானிய மை புட்டி கிடைத்தால் நல்லது. மைக்கட்டி கிடைத்தால் அதைவிட நல்லது. புகைக்கரியையும் விலங்குப் பசையையும் சேர்த்துச் செய்த கட்டி அது. கல்லில் தண்ணீர் விட்டுச் சந்தனம் அரைப்பது போல் மெதுவாக அரைக்க வேண்டும். பதினைந்து நிமிடம் ஆகும். அந்தப் பதினைந்து நிமிடத்தில் கையும் நிதானத்துக்கு வந்துவிடும்.

ஐந்து கிண்ணம் எடுத்து ஐந்து அடர்த்தியில் மை கலக்குங்கள். ஒன்றில் கெட்டிக் கறுப்பு, கடைசியில் மை இருப்பதே தெரியாத தண்ணீர். ‘மையில் ஐந்து நிறம்’ என்று சீன ஓவியர்கள் சொல்வது இதைத்தான். கோட்டுக்குக் கூர்மையான, கெட்டி முடித் தூரிகை ஒன்று. பரப்புக்கு ஆட்டு முடித் தூரிகை ஒன்று. கூடவே ஒரு பழைய பருத்தித் துணி.

உடம்பைத் துண்டில் கற்றுக்கொள்ளுங்கள்

எல்லாரும் தடுமாறுகிற இடம் இதுதான், அவசரப்படாமல் செய்யுங்கள்.

குளிக்கிற துண்டு ஒன்றை ஈரப்படுத்தி நீளவாக்கில் உருட்டுங்கள். ஒரு பக்கம் நெடுக, முதுகு முள் போல், துணி மாட்டும் கிளிப்புகளை வரிசையாகக் குத்துங்கள். இப்போது இரண்டு முனையையும் பிடித்து முறுக்கி மேசைமேல் வையுங்கள். மூன்று வளைவு வரட்டும். மேலிருந்து பார்க்காமல் மேசை விளிம்புக்குக் கண்ணை இறக்கிப் பாருங்கள். கிளிப் வரிசை மேலே ஓடி, ஒரு வளைவில் பின்பக்கம் போய் மறையும். அது மறையும் இடத்தில் அடிவயிறு முன்னால் வரும். கொஞ்ச தூரம் போனதும் கிளிப்புகள் கீழ்ப்பக்கமாக எட்டிப்பார்க்கும். முதுகும் வயிறும் இப்படி மாறி மாறித் தெரிவதுதான் டிராகனின் அசைவு. என் முதல் படத்தில் முதுகு முள் தலையிலிருந்து வால் வரை ஒரே ஓரத்தில் ஓடியது. அதனால்தான் அது தரையில் போட்ட கயிறாகக் கிடந்தது.

துண்டை விதவிதமாக முறுக்கிக் குறைந்தது ஆறு கோட்டுப்படம் போடுங்கள். ஒவ்வொன்றிலும் மூன்றில் ஒரு பங்கை அழிப்பானால் அழித்துவிடுங்கள். எதை அழித்தால் உடம்பு இன்னும் நீளமாகத் தெரிகிறது? பெரும்பாலும் வளைவின் உச்சியை மறைத்தால்தான். அந்த ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

மேகம் முதலில்

தாளைப் பலகையில் நான்கு ஓரமும் பேப்பர் டேப் போட்டு ஒட்டுங்கள். பென்சிலால் மிக லேசாகத் தலை, நகம், வால் மூன்றின் இடத்தை மட்டும் குறியுங்கள். உடம்பைக் குறிக்க வேண்டாம்.

மேகம் வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தண்ணீரைப் பூசுங்கள். தாள் பளபளப்பு அடங்கும் வரை ஒரு நிமிடம் பொறுங்கள். அந்த ஈரத்தின் ஓரத்தில் மூன்றாவது கிண்ணத்து மையை வையுங்கள். அது தானாக உள்ளே நகரும். பலகையைச் சாய்த்து அதன் போக்கைத் திருப்பலாம். தூரிகையால் தேய்த்துச் சரிசெய்யப் போனால் அழுக்காகிவிடும். ஓரிரு இடங்களில் துணியை மையில் தோய்த்து ஒற்றி, ஒரே வீச்சில் இழுங்கள். சென் ரோங்கின் தொப்பி செய்த வேலை இது. மேகம் சுழல வேண்டும் என்றால் மணிக்கட்டை நம்பாமல் தோளிலிருந்து கை சுழல வேண்டும். நின்றுகொண்டு செய்தால் சுலபம்.

முழுசாகக் காயவிடுங்கள், ஓர் இரவு ஆனாலும் சரி.

டிராகன் வெளியே வருகிறது

காலையில் அந்தக் கறைகளைப் பாருங்கள். எங்கே கறுப்பு சட்டென்று வெள்ளையாக வெட்டுகிறதோ அதுதான் உடம்பு வெளியே வரும் வாசல். துண்டில் பழகிய வளைவை அங்கே வையுங்கள். முதலில் முதுகுக் கோடு, அடுத்து வயிற்றுப் பட்டைகள், கடைசியில் செதில். செதிலைப் பிறைபிறையாக, வளைவின் உள்பக்கத்தில் அடர்த்தியாகத் தொடங்கி, வெளிச்சம் படும் பக்கம் வரும்போது விட்டுவிடுங்கள். மேகத்தை நெருங்கும்போது மையை நான்காவது, ஐந்தாவது கிண்ணத்துக்கு மாற்றிக்கொண்டே போய்க் கரைத்துவிட வேண்டும். கறாரான கோட்டில் உடம்பு நின்றால் வெட்டிய துண்டாகத் தெரியும்.

தலையில் கொம்பும் காதும் போட்ட பிறகு மீசையை இழுங்கள், மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பு. நகத்துக்கு முதல் கிண்ணத்துக் கெட்டிக் கறுப்பு. கண்ணை வெள்ளையாக விட்டுவையுங்கள்.

உங்கள் மாற்றம் எது?

பல பண்பாடுகளைச் சேர்க்கிறேன் என்று டிராகனின் செதில்மேல் கோலத்தை நிரப்பி, தலையில் கிரீடம் வைத்துவிடுகிற படங்களை நிறையப் பார்க்கிறேன். ஆசை புரிகிறது, ஆனால் அவை ஒட்டுவதில்லை. இரண்டு பண்பாடும் ஏற்கெனவே எங்கே தொட்டுக்கொண்டன என்று தேடினால் ஒட்டும்.

அப்படி ஓர் இடம் நமக்குக் கிட்டத்திலேயே இருக்கிறது. இந்திய பௌத்த நூல்களைச் சீனத்துக்கு மொழிபெயர்த்தவர்கள் ‘நாகம்’ என்ற சொல்லுக்கு ‘லோங்’ என்று எழுதினார்கள். லோங் என்றால் டிராகன். நாகராஜன் அங்கே டிராகன் அரசனானான். நீர்நிலையைக் காக்கும் நம் நாகமும் மழை தரும் அவர்களுடைய டிராகனும் ஆயிரம் வருடங்களுக்கு மேலாக ஒரே சொல்லில் வாழ்கின்றன. சென் ரோங்கின் ஃபூஜியன் கடற்கரையிலேயே, சுவான்சௌ துறைமுகத்தில், 1281-ஆம் வருடத்துத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. அங்கே தமிழ் வணிகர்கள் சிவன் கோயில் கட்டி வாழ்ந்தார்கள். அந்தச் சுருள் வரையப்பட்டு நாற்பது வருடம்கூட ஆகாத காலம் அது. இதைப் படித்த நாளிலிருந்து என் டிராகனின் கழுத்தைப் படமெடுக்கப்போகிற நாகத்தின் கழுத்தாகக் கொஞ்சம் அகலப்படுத்துகிறேன். அவ்வளவுதான், அதற்குமேல் ஒன்றும் சேர்ப்பதில்லை.

நீங்கள் வேறொன்றைத் தேர்ந்தெடுக்கலாம். நிறமாக இருக்கலாம், அளவாக இருக்கலாம், மேகத்துக்குப் பதில் புகையாகவோ வெள்ளமாகவோ இருக்கலாம். ஒன்றே ஒன்றை மாற்றுங்கள், அதைக் கடைசி வரை கொண்டுபோங்கள். நிறம் சேர்ப்பதாக இருந்தால் மை காய்ந்த பிறகு ஒரே நிறம், மெல்லியதாக, இரண்டு மூன்று பூச்சில்.

கடைசியாகக் கண்

ஆறாம் நூற்றாண்டில் ஜாங் செங்யாவ் என்ற ஓவியர் நான்கிங்கில் ஒரு கோயில் சுவரில் நான்கு டிராகன் வரைந்தார், கண்ணை மட்டும் வைக்கவில்லை என்று ஒரு கதை. ‘வைத்தால் பறந்துவிடும்’ என்றாராம். யாரும் நம்பவில்லை, வற்புறுத்தினார்கள். இரண்டுக்குக் கண் வைத்தார். இடி இடித்துச் சுவர் பிளந்து அந்த இரண்டும் மேகத்தில் ஏறிப்போயின. கண் வைக்காத இரண்டும் சுவரிலேயே இருந்தன. சிலைக்குக் கண் திறப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை.

படத்தை ஒரு நாள் சுவரில் தொங்கவிட்டு, போகவர அது எந்தப் பக்கம் பார்க்க விரும்புகிறது என்று கவனியுங்கள். புதிதாகக் கெட்டி மை அரையுங்கள். கருவிழியைக் கண்ணின் நடுவில் வைத்தால் மிரண்ட பார்வை வரும். இமையை ஒட்டி மேலே தள்ளி வைத்தால் எதையோ தேடுகிற பார்வை வரும். வெள்ளைப் புள்ளி ஒன்றை மறக்காமல் விடுங்கள். தூரிகையை நேராகப் பிடித்து ஒரே ஒரு தடவை வைத்து எடுங்கள். இரண்டாவது கண் மேகத்துக்குள் இருக்கட்டும்.